இரவல் கண்கள்

கடையை மூடும் முன்பு அந்தப் படத்தை ஒரு தரம் திறந்து பார்த்துவிட்டுத்தான் கணினியை அணைப்பான். அன்றும் திறந்தான். கழுத்துவரை வெள்ளைத் துணியில் சுற்றிய பச்சைக் குழந்தை, கன்னத்தில் துணி மடிப்பின் நிழல், அகலத் திறந்த இரண்டு கண்கள். எல்லாம் இருந்தபடியே இருந்தன. திரையின் ஓரத்தில் இருக்கும் திருத்தப் பட்டியலில் மட்டும் ஒரு வரி கூடியிருந்தது. 'கண்கள் புதுப்பிக்கப்பட்டன' என்றது அந்த வரி. அவன் எதையும் புதுப்பிக்கவில்லை.

மழை பிடித்த சாயங்காலம். ஸ்டுடியோவின் பின்னறையில் அச்சு மையின் வாடையும், லாமினேஷன் எந்திரத்தில் சூடான பிளாஸ்டிக்கின் வாடையும், மூலையில் நீர் சொட்டிக்கொண்டிருந்த குடையின் ஈர நாற்றமும் ஒன்றாகக் கலந்து தேங்கி நின்றன; மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் முனகியது; தடுப்புக்கு அந்தப் பக்கம் அச்சு எந்திரம் யாருடைய கல்யாணத்தையோ பட்டை பட்டையாகத் துப்பிக்கொண்டிருந்தது. பட்டியலை மேலிருந்து மறுபடி படித்தான். வெளிச்சம், நிறம், துணியில் இருந்த கறை, கண்கள். இவை அவன் செய்தவை. அதற்குக் கீழே, அவன் செய்யாத அந்த வரி.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்று தலையை நீட்டினான் லாமினேஷன். அச்சுப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவன். கையில் கிடைத்ததையெல்லாம் பிளாஸ்டிக் போட்டு ஒட்டிவிடுவான் என்பதால் அந்தப் பெயர் வந்தது; பஸ் டிக்கெட்டைக்கூட விட்டுவைத்ததில்லை.

"ஒண்ணுமில்லடா. நீ என் கம்ப்யூட்டர்ல கை வெச்சியா?"

"நான் எதுக்குண்ணே வைக்கிறேன்? முதலாளியே அதைத் தொட பயப்படுவாரு."

படங்களைத் திருத்துவது அவன் தொழில். மாமாக்களின் தொப்பையை உள்ளே தள்ளுவான், மாப்பிள்ளையின் பருக்களைத் துடைப்பான், படத்தில் இருக்கக் கூடாதென்று குடும்பம் முடிவெடுத்த ஆளைச் சத்தமில்லாமல் தூக்கிவிடுவான். முக்கியமாக, கண் மாற்றுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. கும்பலாக நின்று எடுக்கிற படத்தில் எப்படியும் யாராவது ஒருவர் கண்ணை மூடித் தொலைத்திருப்பார். அவருடைய வேறொரு படத்திலிருந்து திறந்த கண்ணைக் கொண்டுவந்து பொருத்திவிடுவான். ஒட்டுப்போட்டது பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாது.

இந்தப் படத்துக்கு அதைச் செய்யச் சொல்லிக் கேட்டவளே பெற்ற தாய்தான். அவன் மனைவி.

அவர்களுடைய இரண்டாவது குழந்தை ஒரு பொழுதுகூட முழுதாக இருக்கவில்லை. கண்ணைத் திறக்காமலே போய்விட்டது. தூக்கிக்கொண்டு போகும் முன், மனசு கேட்காமல், அங்கிருந்த நர்ஸ் அவனுடைய கைபேசியை வாங்கி ஒரே ஒரு படம் எடுத்துக் கொடுத்தாள். அந்தப் படத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான் அவன் மனைவி. சாப்பாடு இறங்கவில்லை. தலை வாரவில்லை. பெரியவள் வந்து காலைக் கட்டிக்கொண்டால்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. எப்போதோ ஒருநாள் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் கண்ணைத் திறந்து குடுக்குறீங்க. நம்ம பாப்பாவுக்குத் திறக்க மாட்டீங்களா? அது என்னைப் பாக்கவே இல்லீங்க. ஒரு தடவைகூடப் பாக்கல."

சரி என்று தலையை மட்டும் ஆட்டினான்.

செய்துவிடலாம்தான். ஆனால் அந்த முகத்தை வெட்டி ஒட்ட அவனுக்குக் கை வரவில்லை. வெட்ட வேண்டிய அவசியமும் இல்லை. அவன் பயன்படுத்தும் மென்பொருள் மூலப் படத்தின் மேல் கையே வைக்காது. இங்கே வெளிச்சம் கூட்டு, அந்தக் கறையை மறை, இந்த இடத்தில் வேறொன்றைக் கொண்டுவந்து காட்டு என்று நாம் சொல்வதையெல்லாம் படக்கோப்பின் வயிற்றுக்குள் குறிப்புகளாக எழுதி வைத்துக்கொள்ளும். திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் குறிப்புகளைப் படித்து, அதன்படி போர்த்திக் காட்டும். போர்வைக்கு அடியில் பழைய படம் அலுங்காமல் படுத்திருக்கும். குறிப்பை அழித்தால் போர்வை போய்விடும், பழையபடி ஆகிவிடும். அதனால்தான் துணிந்தான். கண் இருக்கும் இடத்தில் பெரியவளின் கண்ணைக் காட்டு என்று ஒரு குறிப்பு எழுதினான், அவ்வளவுதான்.

பெரியவளை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முட்டக்கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் கண் பிறந்தது, பிறகு நிதானமாக மற்றதெல்லாம் பிறந்தது என்று அவள் அத்தை கேலி செய்வாள். அப்படி ஒரு கண்.

அந்தக் குறிப்பை எழுதும்போது ஒரு தப்புச் செய்தான். எடுக்க வேண்டிய இடமாக, முட்டக்கண்ணு கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த ஏதாவது ஒரு படத்தைக் காட்டியிருக்க வேண்டும். அவன் முட்டக்கண்ணையே காட்டிவிட்டான். அந்த மென்பொருள் முகங்களை ஞாபகம் வைத்துக்கொண்டு, ஒரே ஆளின் படங்களையெல்லாம் ஒரு பெயருக்குக் கீழே சேர்த்துவைக்கும். பெயரைத் தொட்டால் போதும், பொருத்தமான கண்ணை அதுவே தேடி எடுத்துக்கொள்ளும். கல்யாண ஆல்பங்களில் தினமும் அப்படித்தான் செய்வான், பழக்கத்தில் கை அதையே செய்துவிட்டது. ஆகவே கோப்பின் வயிற்றுக்குள் இருந்த குறிப்பு இந்தப் படத்திலிருந்து எடு என்று சொல்லவில்லை. இந்தப் பெண்ணிடமிருந்து எடு என்று சொன்னது.

அவன் கைபேசியும் வீட்டு டேப்லெட்டும் இந்தக் கணினியும் ஒரே கணக்கில் இணைந்திருந்தன. வீட்டில் அவளைப் புதிதாக யாரோ படம் எடுத்திருப்பார்கள், அது தானாக வந்து சேர்ந்திருக்கும், கண்ணும் தானாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கும். இவ்வளவுதானே. தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கணினியை அணைத்தான்.

வீட்டில் சமையலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படத்தில் கண்கள் திறந்த நாளிலிருந்து அவன் மனைவி எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தாள். டேப்லெட்டில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு போகிற இடமெல்லாம் கூடவே தூக்கிப் போவாள். இப்போது அது அடுப்புக்குப் பக்கத்தில், ஆவி படாத தூரத்தில், சர்க்கரை டப்பாவில் சாய்ந்து நின்றது.

"பாரு, வந்துட்டாரு உங்கப்பா. நனைஞ்ச கோழி மாதிரி நிக்கிறாரு பாரு," என்று படத்திடம் சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று. அவனுக்கு அழுகை முட்டியது. வரி கூடிய கதையை அவளிடம் சொல்லவில்லை.

முட்டக்கண்ணு சாப்பாட்டு மேசைக்கு அடியில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். குனிந்து பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு வரைந்தாள். தாளில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிக்கிக் கிடந்தன.

"என்னடி, வித்தை காட்டுறியா?"

"திறக்க மாட்டேங்குதுப்பா. ஒட்டுது."

தூக்கிக்கொண்டு போய் முகம் கழுவிவிட்டான். ஈரத் துணியால் இமைகளை ஒத்தி எடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து, பொம்மைக்குத் திறப்பதுபோல இரண்டும் ஒன்றாகத் திறந்துகொண்டன.

"இப்ப என் முறை," என்றாள்.

முறை போடுவது அவள் சட்டம். அம்மா வயிறு பெரிதாக இருந்தபோது, வரப்போகிற பாப்பாவுக்கு எதையும் தர முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றாள். தர வேண்டாம், முறை போட்டுக்கோ, கொஞ்ச நேரம் அதுக்கு, கொஞ்ச நேரம் உனக்கு என்று தாஜா செய்து மசியவைத்தது அவன்தான். அதற்கப்புறம் ஊஞ்சல், கட்டில், அம்மா மடி என்று விரலை மடக்கி மடக்கி ஒவ்வொன்றுக்கும் முறை பேசி வைத்திருந்தாள். பாவம், முறை கேட்க ஆள்தான் வரவில்லை.

"எதுக்குடி உன் முறை?" என்று கேட்டான்.

அவள் அதற்குள் பென்சிலைப் பொறுக்க மேசைக்கு அடியில் நுழைந்துவிட்டாள்.

அடுத்து வந்த நாட்களில் பட்டியல் வளர்ந்தது. சாயங்காலம் திறந்தால் இரண்டு வரி கூடியிருக்கும், சில நாள் நாலைந்து. எல்லாம் அதே வரிதான். வீட்டிலிருந்து புதிய படம் ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடினான். வரவில்லை. யாரும் அவளைப் படமே எடுக்கவில்லை. மென்பொருளில் கோளாறு என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது, வீட்டில் மனைவி வயிறாரச் சாப்பிட ஆரம்பித்திருந்தாள்.

ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்து டீச்சர் போன் செய்தாள்.

"பயப்படாதீங்க சார். விளையாடிட்டு இருந்தவ ஊஞ்சல் பக்கத்துல அப்படியே நின்னுட்டா. கண்ணை இறுக்க மூடிக்கிட்டு. எவ்வளவு கூப்பிட்டும் திறக்கல. இப்ப சரியாயிட்டா. எதுக்கும் ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட காட்டிருங்க."

கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். இமையைப் புரட்டிப் பார்த்தார். "கண்ணு பளிங்கு மாதிரி இருக்கு, ஒரு குறையும் இல்ல. போன் பாக்குறதைக் குறைங்க," என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை மடியில் உட்கார வைத்துக்கொண்டான். கண்ணாடியில் மழைநீர் வழிந்தது. டீசல் வாடையும் ஈரத் துணி வாடையும் மூக்கில் ஏறின. அவள் தலை அவன் மோவாயில் இடித்துக்கொண்டே வந்தது.

"கண்ணு மூடிக்குதே, அப்ப என்னடா தெரியும் உனக்கு?"

"ஒண்ணும் தெரியாது. கழுத்துல துணி இறுக்கும். வெள்ளைத் துணி."

"கண்ணு தெரியாதப்ப வெள்ளைன்னு எப்படித் தெரியும்?"

"தெரியும்," என்றாள். "சில்லுனு இருக்கும். ஒரு அக்கா வருவாங்க. 'முகத்துல வெளிச்சம் படட்டும், கொஞ்சம் திருப்புங்க'ம்பாங்க."

படம் எடுக்கும்போது நர்ஸ் சொன்ன வார்த்தை அது. அவனிடம் சொன்னாள். அந்தச் சின்ன உடம்பைக் கையில் ஏந்தியபடி அவன்தான் திருப்பிக் காட்டினான். மனைவி அப்போது மயக்கத்தில் இருந்தாள். முட்டக்கண்ணு பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். அதை அவன் ஒரு ஜீவனிடமும் சொன்னதில்லை.

அவளை வீட்டில் விட்டுவிட்டு நேராக ஸ்டுடியோவுக்கு ஓடினான். அந்தப் படத்தைத் திறந்து கண்ணைப் பெரிதாக்கினான். தொழிலில் முதலில் கற்றுக்கொண்ட பாடம் அது: யாருடைய கண்ணிலும் ஒரு வெளிச்சப் பொட்டு இருக்கும், எதிரே என்ன இருந்ததோ, ஜன்னலோ விளக்கோ, அது அந்தப் பொட்டுக்குள் குட்டியாகத் தெரியும். முதலில் அவன் இந்தக் கண்களைப் பொருத்தியபோது பொட்டுக்குள் அவர்கள் வீட்டுப் பழைய ஜன்னல் இருந்தது. நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இப்போது ஜன்னல் இல்லை. இன்னும் பெரிதாக்கினான். கட்டம் கட்டமாகச் சிதறத் தொடங்கிய அந்த வெளிச்சத்துக்குள், மேலிருந்து தொங்கும் இரண்டு சங்கிலிகள். நடுவில் பலகை. ஆளில்லாத ஊஞ்சல். அதற்கு அப்பால் குடையைச் சாய்த்துப் பிடித்தபடி குனிந்து கூப்பிடும் ஒரு பெண்.

டீச்சர்.

பின்னாலிருந்து அச்சு எந்திரம் திடீரென்று உறும, அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீட்டமை என்ற பொத்தானுக்கு அம்புக்குறியைக் கொண்டுபோனான். ஒரு அமுக்கு. எல்லாக் குறிப்பும் அழிந்துவிடும், குழந்தை கண்ணை மூடிக்கொள்ளும், பெரியவள் பிழைத்துக்கொள்வாள். ஆனால் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி? காலையில் எழுந்து டேப்லெட்டைப் பார்த்தால் என்ன ஆவாள்? அம்புக்குறி அங்கேயே நின்றது. சொல்லிவிட்டுச் செய்வோம் என்று எழுந்து போனான்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். டேப்லெட் தலையணையில் சாய்ந்திருந்தது. முட்டக்கண்ணு பக்கத்தில் தூங்கிப்போயிருந்தாள்.

"ஏம்மா, நான் ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது. பாப்பா கண்ணை மூடிரலாம்."

துணி மடித்த கை நின்றது. "ஏன்?"

சொன்னான். வரிகள், ஊஞ்சல், வெள்ளைத் துணி, நர்ஸ் சொன்னது. சொல்லும்போதே கிறுக்கன் பேச்சாக அவனுக்கே கேட்டது. அவள் குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டாள்.

"பெரியவளுக்குக் கண்ணுல ஏதோ அலர்ஜி. டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரு," என்றாள் பிறகு. குரல் உயரவே இல்லை. "அதுக்குப் போயி, இதை மறுபடி சாகடிக்கச் சொல்றீங்களா?"

"அப்படிச் சொல்லாதம்மா."

"வேற எப்படிச் சொல்றது? ஒரு தடவை பொத்திக் கொண்டுபோய் வெச்சீங்க, நான் எந்திரிச்சுப் பாக்கறதுக்குள்ள. நான் ஒண்ணும் கேக்கல. இப்ப அது என்னைப் பாக்குது. நான் சோறு திங்கறேன். உங்களுக்கு அது பொறுக்கலையா?" அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சுட்டது. "இன்னும் கொஞ்ச நாளுங்க. என் வயிறு ஆறட்டும். அப்புறம் நானே மூடச் சொல்றேன்."

அவனால் மறுக்க முடியவில்லை. வெறும் குறிப்புதானே, எப்போது வேண்டுமானாலும் அழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். கட்டிலில் படுத்திருந்த பெரியவளைப் பார்த்தான். அப்பா நினைப்பது தெரியாமல் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். படத்தில் இருந்தது தூங்கவில்லை.

மறுநாள் காலை அவன் கிளம்பும்போதும் முட்டக்கண்ணு எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடம் லீவுதானே, தூங்கட்டும் என்றாள் மனைவி. அவள் முகத்தில் ஏதோ ஒளித்துவைத்த சந்தோஷம் தெரிந்தது. ஸ்டுடியோவில் கால் வைத்ததுமே முதலாளி கேமராவைக் கொடுத்து வெளிவேலைக்கு அனுப்பிவிட்டார். அலுவலகக் கட்டடம் ஒன்றில் யாரோ அதிகாரிகளின் வரிசை, ஒருவர் பின் ஒருவராக வந்து நிற்க, அவன் சிரிக்கச் சொல்லி, கண்ணைத் திறக்கச் சொல்லி, எடுத்துக்கொண்டே இருந்தான். இடையில் வீட்டுக்குப் போன் செய்தான்.

"எந்திரிச்சாளா?"

"இன்னும் இல்லீங்க. அசந்து தூங்கறா. வாங்க சீக்கிரம், உங்களுக்கு ஒண்ணு காட்டணும்."

அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இனி யாரிடமும் கேட்பதில்லை, அழட்டும், திட்டட்டும், காலம் பூராவும் பேசாமல் இருக்கட்டும், பெரியவளைக் கொடுத்துவிட்டு எதையும் வைத்துக்கொள்ள முடியாது என்று முடிவெடுத்தான். ஸ்டுடியோவுக்குத் திரும்பும்போது மழை இருட்டிக்கொண்டு வந்தது. கேமராவைக்கூடக் கழற்றி வைக்காமல் கணினி முன்னால் உட்கார்ந்தான். படத்தைத் திறந்தான்.

பட்டியல் காலியாக இருந்தது.

கூடுதல் வரிகள் இல்லை. அவன் எழுதிய வரிகளும் இல்லை. 'இந்தப் படத்தில் திருத்தங்கள் எதுவும் இல்லை.' கண்கள் மட்டும் திறந்தே இருந்தன. மீட்டமை பொத்தான் சாம்பல் பூத்துக் கிடந்தது. அமுக்கிப் பார்த்தான். மறுபடி அமுக்கினான். மீட்பதற்கு ஒன்றும் இல்லை.

"ஆ, வந்துட்டீங்களா?" தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து லாமினேஷன் வந்தான். முகமெல்லாம் பல். "காலையில அண்ணி போன் பண்ணாங்கண்ணே. பாப்பா படத்தைப் பெருசா பிரிண்ட் போட்டு ஃபிரேம் பண்ணிக் குடுன்னாங்க. உங்களுக்குச் சொல்லாம பண்ணணுமாம், ஹால்ல மாட்டி உங்களை அசத்தணுமாம். அவங்க அப்படி ஆசையாப் பேசிக் கேட்டு எவ்வளவு நாளாச்சு, என்னால முடியாதுன்னு சொல்ல முடியல. முதலாளிகிட்ட கேட்டுத்தான் உங்க சிஸ்டத்தைத் திறந்தேன்."

"கோப்புல என்னடா பண்ணினே?"

"பிரிண்ட் போறப்ப கண்ணு ரெண்டும் வராம நின்னுச்சு. என்னென்னவோ இணைப்பு, குறிப்புன்னு ஏகப்பட்ட குப்பை உள்ள. அதான் எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்து, குப்பையைத் தூக்கிட்டு, அதுலயே சேவ் பண்ணிட்டேன். இப்ப ஒட்டு கிட்டு எதுவும் இல்ல, ஒரே படம். நீங்க பார்த்தாக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. ஃபிரேமும் மத்தியானமே வீட்டுக்குப் போயிருச்சு."

"அடியில இருந்த படம்?"

"எந்தப் படம்ணே? இதுதான் படம்."

கைபேசியை எடுத்துத் தேடினான். நர்ஸ் எடுத்துக் கொடுத்த படம் அதில் இருந்தது. கண்ணைத் திறந்துகொண்டு இருந்தது. எல்லா நகலும் ஒன்றையொன்று பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தன. போர்வையே படமாகிவிட்டது. அடியில் எதுவும் படுத்திருக்கவில்லை.

மென்பொருளில் முட்டக்கண்ணின் பெயரைத் தேடினான். அந்தப் பெயரில் ஒரே ஒரு படம் வந்து நின்றது, வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தை. மற்றதெல்லாம் எங்கே? கீழே வேறொரு வரிசையில் கொட்டிக் கிடந்தன. கைக்குழந்தையாக. முதல் அடி வைத்தபோது. பள்ளிக்கூடச் சீருடையில். கடற்கரையில் அத்தையின் தோளில். எல்லாவற்றிலும் கண் மூடியிருந்தது. ஒன்று விடாமல். வரிசைக்கு மேலே, தெரியாத முகங்களுக்கு அந்த மென்பொருள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி: 'இவர் யார்?'

"அண்ணே? அண்ணே, என்னாச்சு?"

ஓடினான்.

மழை. கழுத்தில் கேமரா இடித்தது. பஸ்ஸுக்கு நிற்கவில்லை. தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. செருப்பு ஒன்று எங்கோ போயிற்று. படிக்கட்டு. கதவு திறந்தே இருந்தது.

ஹாலில் புது ஃபிரேமின் வார்னிஷ் வாடை. சுவரில் அது மாட்டியிருந்தது. ஆள் உயரத்துக்கு. அவன் மனைவி தலை வாரி, நல்ல உடை உடுத்தி, அதற்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"நல்லா இருக்குல்ல?" திரும்பாமலே கேட்டாள். "நான் எந்தப் பக்கம் போனாலும் பாக்குதுங்க."

அவளைத் தாண்டி உள்ளே போனான்.

அறையில் விளக்கில்லை. கட்டிலில் முட்டக்கண்ணு மல்லாந்து படுத்திருந்தாள். வெள்ளைப் போர்வை. கழுத்துவரை. இறுக்கமாக. கைகள் உள்ளே. யாரும் அப்படிச் சுற்றிவிட்டிருக்க மாட்டார்கள். கன்னத்தில் துணி மடிப்பின் நிழல்.

"கண்ணு. அடி முட்டக்கண்ணு."

முகம் அவன் பக்கம் திரும்பியது. தொட்டான். சில்லென்றிருந்தது. மூச்சு இருந்தது. இமைகள் உப்பி, மெழுகுபோல வழவழத்து, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மூடிய கண்கள் அல்ல. ஒரு தரமும் திறக்காத கண்கள். அவன் கையில் ஏந்தித் திருப்பிக் காட்டிய அதே கண்கள்.

போர்வையோடு வாரி மடியில் போட்டுக்கொண்டான். அவள் உதடு அசைந்தது.

"அப்பா... நான் ரொம்ப நேரமா இருக்கேன். இன்னும் என் முறை வரலியா?"

"வரும்டா. இப்ப வந்துரும்."

"நீதானே சொன்ன. கொஞ்ச நேரம் அதுக்கு, கொஞ்ச நேரம் எனக்குன்னு."

"சொன்னேன்டா தங்கம். சொன்னேன்."

அவள் அழ ஆரம்பித்தாள். உடம்பு குலுங்கியது. தேம்பல் தேம்பலாக. அவன் அவள் கன்னத்தைத் துடைத்தான். துடைக்க ஒன்றுமில்லை. கன்னம் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. அவள் இன்னும் பலமாக அழுதாள்.

ஹாலிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, இங்க வாங்களேன். பாப்பா... ஏங்க, பாப்பா அழுவுதுங்க."

திறந்திருந்த கதவு வழியே சுவர் தெரிந்தது. படத்தின் கண்கள் அவனையும் அவன் மடியையும் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு கண்களும் நிரம்பித் தளும்பின. கன்னத்தில் இரண்டு கோடுகள் மெல்ல இறங்கி, வெள்ளைத் துணியை நனைத்துப் பரவின. அவன் மனைவி எக்கி நின்று, "அழாத பாப்பா, அம்மா இருக்கேன், அழாத," என்று சொல்லிச் சொல்லி உள்ளங்கையால் துடைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கண்ணாடிக்கு உள்ளே வழிந்துகொண்டிருந்தது.